கணக்கெடுப்புக்குள் மறைந்திருக்கும் குழுக்கள்: போல்கா, எம்ப்ளஸ், லேட்டன்ட் கோல்டு மென்பொருள்கள் பற்றி ஒரு மதிப்புரை

சென்னையில் வீட்டுக் குடிநீரைப் பற்றிக் கணக்கெடுக்க முனைபவர் குறைந்தது ஐந்து கேள்விகளையாவது கேட்டாக வேண்டும்: மெட்ரோ வாட்டர் குழாயில் தண்ணீர் வருகிறதா, லாரித் தண்ணீர் பிடிக்கிறீர்களா, கேன் வாங்குகிறீர்களா, போர் இருக்கிறதா, ஆர்.ஓ. வைத்திருக்கிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள் என்றாலும் மொத்தம் 32 விதமான பதில் கோவைகள் அமையலாம். ஐந்து கேள்விகளுக்கும் ஐந்து சதவீதங்களை அச்சிட்டு அறிக்கையை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் குழாயையும் லாரியையும் மட்டுமே நம்பிக் குடத்தோடு காத்திருக்கும் வீடும், போரும் ஆர்.ஓ.வும் இருப்பதால் குழாயைத் திரும்பியும் பாராத வீடும், எல்லாம் இருந்தும் குடிப்பதற்குக் கேனையே வாங்கும் வீடும் அந்தச் சதவீதங்களுக்குள் அடையாளம் தெரியாமல் கரைந்துபோகின்றன. திட்டம் தீட்டுபவருக்குத் தெரிய வேண்டியதோ அந்த மூன்று வகை வீடுகளும் எவை, எவ்வளவு, எங்கே என்பதுதான்.

இந்தக் குழுக்களைப் பதில்களிலிருந்தே பிரித்தெடுக்கும் முறைக்கு மறைநிலை வகுப்புப் பகுப்பாய்வு என்று பெயர்; வகுப்பறைகளில் எல்.சி.ஏ. என்றே வழங்குகிறது. 1950இல் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டு முன்வைத்த கருத்து இது. 1974இல் லியோ குட்மன் அதை நம்பகமாகக் கணக்கிடும் வழியைக் காட்டினார்; 1977இல் டெம்ப்ஸ்டர், லெயர்ட், ரூபின் மூவரும் பொதுவடிவம் கொடுத்த ஈ.எம். நெறிமுறை (ஓர் ஊகத்தில் தொடங்கி, தரவுக்கு மேலும் மேலும் பொருந்தும்படி விடையைப் படிப்படியாகத் திருத்தும் கணக்கீட்டு முறை) இன்றைய மென்பொருள்கள் அனைத்துக்கும் அடிப்படையாக இருக்கிறது. ஒரே குழுவைச் சேர்ந்தவர்களுக்குள் ஒரு கேள்விக்கான பதில் மற்றொரு கேள்விக்கான பதிலைச் சார்ந்திராது என்ற ஒற்றை அனுமானத்தின் மீதுதான் முழுக் கட்டடமும் நிற்கிறது. இந்த அனுமானம் எங்கே ஆட்டம் காண்கிறது என்பதைப் பயனருக்குக் காட்டுகிறதா, முதலில் கிடைத்த விடையைச் சந்தேகிக்கச் சொல்கிறதா, விடுபட்ட பதில்களையும் மாதிரி எடைகளையும் (ஒரு பதிலாளர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு நிகர் என்று சொல்லும் எண்கள்) ஒழுங்காகக் கையாளுகிறதா என்ற கேள்விகளைக் கொண்டே இந்த மென்பொருள்களை மதிப்பிட்டிருக்கிறேன். வண்ண வரைபடங்களுக்கு நான் மதிப்பெண் தரவில்லை.

நம் ஊர்ப் புள்ளியியல், சமூகப்பணி மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இயங்கும் போல்கா தொகுப்பில்தான். ட்ரூ லின்சர், ஜெஃப்ரி லூயிஸ் இருவரும் எழுதிய இந்தத் தொகுப்பு 2011இல் ஜர்னல் ஆஃப் ஸ்டாடிஸ்டிகல் சாஃப்ட்வேர் இதழில் விரிவாக விளக்கப்பட்டது. இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும், ஒரே வரிக் கட்டளையில் விடை வந்துவிடும். கூடவே வரும் மாதிரித் தரவுகளில் கார்சினோமா என்ற கோப்பை ஒவ்வொருவரும் ஒரு முறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பேன். கருப்பை வாய்த் திசு வைக்கப்பட்ட 118 கண்ணாடித் தகடுகளை ஏழு நோய்க்குறியியல் மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து, புற்றுநோய் உண்டு அல்லது இல்லை என்று சொன்ன பதில்கள் அதில் இருக்கின்றன. இரண்டு குழுக்கள் என்று வைத்தால் தகடுகள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிகின்றன, பி.ஐ.சி. (பொருத்தத்தையும் எளிமையையும் சேர்த்துப் பார்க்கும் அளவு, குறைவாக இருப்பதே நல்லது) 706.1. மூன்று குழுக்கள் என்று வைத்தால் அது 697.1 ஆகக் குறைகிறது. நான்கு என்றால் மீண்டும் 720ஐத் தாண்டி ஏறுகிறது. ஆகவே மூன்றே பொருத்தம். அந்த மூன்றில் ஒன்று, மருத்துவர்கள் பெரும்பாலும் உண்டு என்று ஒத்துப்போன தகடுகள், 44 சதவீதத்துக்குச் சற்று மேல். மற்றொன்று இல்லை என்று ஒத்துப்போனவை, 37 சதவீதம். மீதமுள்ள 18 சதவீதம், மருத்துவர்கள் தங்களுக்குள் பிளவுபட்டு நின்ற தகடுகள். கருத்து வேறுபாடு எல்லாத் தகடுகளிலும் பரவிக் கிடக்கவில்லை, ஒரு சிறு பகுதியில்தான் குவிந்திருக்கிறது என்ற செய்தியைத் தனித்தனி மருத்துவரின் சதவீதம் எதுவும் சொல்லியிருக்காது. இந்த முறை எதற்குப் பயன்படுகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை.

போல்காவின் இயல்பிருப்பு அமைப்புகள், அதாவது நாம் மாற்றாதவரை அது தானே வைத்துக்கொள்பவை,தாம் என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன. முதலாவது, என்ரெப் என்ற அமைப்பு ஒன்று என்றே வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது, சொல்லாவிட்டால் அது ஒரே ஒரு தற்செயல் தொடக்கப் புள்ளியிலிருந்து கணக்கிட்டு விடையைக் கொடுத்துவிடும். ஈ.எம். நெறிமுறை மேல்நோக்கி மட்டுமே ஏறத் தெரிந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுபவர் பரங்கிமலை உச்சியை அடைந்ததும் இனி ஏற இடமில்லை என்று நின்றுவிடுவார். அவருடைய கால் ஏற்காட்டு அடிவாரத்தில் தொடங்கியிருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கலாம் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. குழுக்களின் எண்ணிக்கை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. ஒரே கோப்பை இன்று ஓட்டினால் ஒரு விடை, நாளை ஓட்டினால் வேறொரு விடை என்று மாணவர்கள் குழம்பி வருவதற்கு இதுவே முதற்காரணம். என்ரெப் மதிப்பை ஐம்பது, நூறு என்று உயர்த்தி, ஒவ்வொரு ஓட்டத்திலும் கிடைத்த லாக் லைக்லிஹூட் (விடை தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மதிப்புகளைப் பார்த்து, உச்ச மதிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று உறுதிசெய்யாமல் எந்த விடையையும் ஆய்வேட்டில் எழுதக் கூடாது. உச்சம் ஒன்றேயானாலும் குழுக்களின் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். நேற்று முதல் குழுவாக இருந்த கேன் வாங்கும் வீடுகள் இன்று மூன்றாம் குழுவாக வரும். அதைச் சீர்செய்ய ரீஆர்டர் என்ற துணைக்கட்டளை தொகுப்பிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் விடுபட்டிருந்தாலும் அந்த வீட்டையே முழுதாகக் கழித்துவிடுவது அதன் இயல்பிருப்பு. நம் களப்பணியாளர்கள் மதிய வெயிலில் படியேறி, கதவைத் தட்டி, பாதி வேலையில் நிற்கும் ஒருவரிடம் பேசி வாங்கிய நேர்காணல் அது. அதை ஒரு காலியிடத்துக்காகத் தூக்கியெறிவது அநியாயம் மட்டுமல்ல, பதில் சொல்லத் தயங்குபவர்கள் எல்லாக் குழுக்களிலும் சம அளவில் இருப்பதில்லை என்பதால் முடிவையும் கோணலாக்கும். என்.ஏ. ஆர்.எம். (na.rm) என்பதைப் பொய் (FALSE) என்று மாற்றினால் இருக்கும் பதில்களை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளும். அந்த ஒரு சொல்லை மாற்ற எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பதில்கள் ஒன்றில் தொடங்கி இடைவெளியின்றி வரும் முழு எண்களாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. களத்தில் தரவு திரட்டும் கோபோ டூல்பாக்ஸ் செயலியில் பல விடைத் தேர்வுக் கேள்வியை வைத்துத் தரவை இறக்கினால் ஒவ்வொரு தேர்வும் சுழியம், ஒன்று என்று தனித்தனி நெடுவரிசையாக வரும். சுழியத்தைப் பார்த்ததும் போல்கா எச்சரித்து நின்றுவிடும். எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டினால் போதும், அதில் சிக்கல் இல்லை. சிக்கல் எட்டில் இருக்கிறது. 'தெரியாது' என்பதற்கு 8 என்று குறியிடும் பழக்கம் நம் படிவங்களில் பரவலாக உண்டு. ஆம் 1, இல்லை 2, தெரியாது 8 என்ற நெடுவரிசையை அப்படியே கொடுத்தால், அந்தக் கேள்விக்கு எட்டு வகைப் பதில்கள் இருப்பதாகப் போல்கா எடுத்துக்கொள்கிறது. மூன்று முதல் ஏழு வரை யாருமே சொல்லாத பதில்களுக்கும் சேர்த்து அளவுருக்களை (கணக்கிட வேண்டிய எண்களை) எண்ணுவதால் பி.ஐ.சி. வீணாக ஏறி, இருக்க வேண்டியதைவிடக் குறைந்த குழுக்களே போதும் என்ற முடிவை நோக்கித் தள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. விடை அட்டவணையில் வரிசையாகச் சுழியங்கள் நிற்பதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போல்காவின் என்ட்ரோபி கட்டளை தரும் எண்ணும், எம்ப்ளஸ் அச்சிடும் என்ட்ரோபி எண்ணும் ஒன்றல்ல. எம்ப்ளஸ் தருவது சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் நின்று, ஆட்களைக் குழுக்களில் எவ்வளவு தெளிவாகப் பிரிக்க முடிந்தது என்பதைச் சொல்லும் அளவு. போல்கா தருவதோ பதில் கோவைகளின் பரவலைப் பற்றிய வேறோர் அளவு. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது பொருளற்றது.

எம்ப்ளஸ் வேறு வகை. பெங்ட் மூத்தேன், லிண்டா மூத்தேன் இருவரும் உருவாக்கி 1998இல் வெளியிட்ட இந்த மென்பொருளைப் பார்த்தால் பழைய காலத்துக்குப் போய்விட்ட உணர்வு ஏற்படும். தரவுக் கோப்பில் தலைப்பு வரிசை இருக்கக் கூடாது, வெறும் எண்கள் மட்டுமே இருக்க வேண்டும். எட்டாம் பதிப்பின் கையேடு மாறிகளின் பெயர்களை எட்டு எழுத்துக்குள் அடக்கச் சொல்கிறது. எக்செல் கோப்பைத் திறந்து சொடுக்கிப் பழகியவர்களுக்கு முதல் வாரம் கடினமாகவே இருக்கும். அந்தச் சிரமத்துக்கு ஈடாக அது தருவது நேர்மை. சொல்லாமலேயே இருபது தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஏறிப் பார்த்து, அவற்றில் சிறந்த நான்கை இறுதிவரை கொண்டுபோகிறது. உச்ச மதிப்பு ஒரே ஒரு முறைதான் கிட்டியது என்றால், இந்த விடை நம்பத்தக்கதல்லாமல் இருக்கலாம், தொடக்கப் புள்ளிகளைக் கூட்டுங்கள் என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறது. உச்சம் மீண்டும் கிட்டியிருந்தாலும்கூட, இரு மடங்கு தொடக்கப் புள்ளிகளோடு இன்னொரு முறை ஓட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள் என்றே சொல்கிறது. புள்ளியியல் மென்பொருள் பயனரிடம் பேச வேண்டிய முறை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

குழுக்கள் எத்தனை என்று தீர்மானிக்கவும் எம்ப்ளஸில் வசதிகள் அதிகம். 2007இல் நைலண்ட், அஸ்பரூஹோவ், மூத்தேன் மூவரும் செயற்கைத் தரவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், தகவல் அளவுகளுள் பி.ஐ.சி.யும், சோதனைகளுள் பூட்ஸ்ட்ராப் முறையில் (பொருத்திய விடையிலிருந்தே பல செயற்கைத் தரவுகளை உருவாக்கி) செய்யப்படும் லைக்லிஹூட் விகிதச் சோதனையும் சரியான எண்ணிக்கையைக் கண்டுபிடிப்பதில் முன்னின்றன. அந்தச் சோதனையை டெக்14 என்ற ஒரே சொல்லால் இதில் கேட்டுவிடலாம். ஆனாலும் எந்த எண்ணும் பொருளறிவுக்கு மாற்றாகாது. பி.ஐ.சி. நான்கு என்று சொன்னாலும், நான்காவது குழு விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளாக இருந்து, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வீடுகளை நேரில் பார்த்த களப்பணியாளருக்கே விளங்கவில்லை என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்வதே சரி.

மூன்றாவது மென்பொருளான லேட்டன்ட் கோல்டு இந்த ஒரே வேலைக்காகவே பிறந்தது. யெரூன் வெர்முண்ட் (டில்பர்க் பல்கலைக்கழகம்), ஜே மேஜிட்சன் இருவரின் படைப்பு. விண்டோஸில் மட்டும் ஓடும். கல்லூரிகளில் வழக்கமான எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளின் கோப்பை நேராகத் திறக்கிறது. கேள்விகளைத் தேர்ந்து, ஒன்று முதல் ஆறு என்று குழு எண்ணிக்கையைக் கொடுத்தால் ஆறு விடைகளையும் ஒரே பட்டியலில் அடுக்கித் தருகிறது. தொடக்கப் புள்ளிகளைத் தானே பலவாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் இதைப் பரிந்துரைக்க எனக்கு இருக்கும் முதன்மைக் காரணம் இவை அல்ல. கேள்விகளை இரண்டிரண்டாக எடுத்து, குழுக்களால் விளக்கப்படாத தொடர்பு அவற்றுக்கிடையே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் அட்டவணைதான். குடிநீர் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். ஆர்.ஓ. வைத்திருக்கும் வீட்டுக்குக் கேன் தேவைப்படுவதில்லை. ஆகவே ஒரே குழுவுக்குள்ளும் இந்த இரு பதில்களும் ஒன்றையொன்று விலக்கும். அடிப்படை அனுமானம் அங்கே உடைகிறது. அதைக் கவனியாமல் விட்டால், மென்பொருள் அந்த உடைப்பை ஈடுகட்டப் புதிதாக ஒரு குழுவைக் கற்பித்துவிடும். நாமும் அதற்கொரு பெயர் சூட்டி, இல்லாத ஒரு மக்கள் பிரிவைப் பற்றி அறிக்கை எழுதிவிடுவோம். லேட்டன்ட் கோல்டில் ஆர்.ஓ., கேன் இணைக்கு நேராக நிற்கும் எண் மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரியும். அந்த இணையைக் குறித்துவிட்டு மறுபடி ஓட்டினால் நேரடித் தொடர்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். இவ்வளவு எளிதாக இந்தச் சரிபார்ப்பைச் செய்ய வேறு எதிலும் முடிவதில்லை.

கார்சினோமா கோப்பை இதில் ஓட்டினால் விடை போல்காவின் விடையிலிருந்து சற்றே விலகி நிற்பதைக் காணலாம். அது பிழையன்று. நிகழ்தகவு சுழியத்திலோ ஒன்றிலோ போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பேயெஸ் மாறிலி என்ற சிறு திருத்தத்தை இது தானே சேர்த்துக்கொள்கிறது. எம்ப்ளஸ் அதே இடத்தில் நிகழ்தகவை லாஜிட் அளவுக்கு மாற்றிய மதிப்பை 15 அல்லது எதிர்ம 15 என்று நிறுத்திவைத்து அதை அறிவிக்கிறது. போல்கா சுழியத்தை அப்படியே விட்டுவிடுகிறது. அதேபோல் லேட்டன்ட் கோல்டு இரண்டு அடிப்படைகளில் கணக்கிட்ட இரண்டு பி.ஐ.சி. மதிப்புகளை அச்சிடுகிறது, மற்ற மென்பொருள்களோடு ஒப்பிட உகந்தது லாக் லைக்லிஹூட் அடிப்படையிலானது மட்டுமே.

குழுக்களைக் கண்டபின் நம்மவர்கள் அடுத்துச் செய்வது, ஒவ்வொருவரையும் அதிக நிகழ்தகவு உள்ள குழுவில் போட்டுவிட்டு, அந்தக் குழு எண்ணைப் படிப்பு, வருமானம் ஆகியவற்றோடு குறுக்கு அட்டவணை போடுவது. ஒரு வீடு முதல் குழுவில் இருக்க 55 சதவீதமும் இரண்டாம் குழுவில் இருக்க 45 சதவீதமும் வாய்ப்பு என்றாலும், அட்டவணையில் அது ஐயத்துக்கு இடமின்றி முதல் குழுவாகிவிடுகிறது. இந்தப் பிழை சேர்ந்து சேர்ந்து, உண்மையில் இருக்கும் தொடர்பை வலுவற்றதாகக் காட்டும். 2004இல் போல்க், குரோன், ஹாகனார்ஸ் வகுத்து, 2010இல் வெர்முண்ட் மேம்படுத்திய மூன்று கட்டத் திருத்தம் இதற்கு மருந்து. லேட்டன்ட் கோல்டில் அது தனிப் பகுதியாகவே இருக்கிறது. எம்ப்ளஸில் ஒரு துணைக்கட்டளை. போல்காவில் இல்லை, அதற்குப் பதிலாகப் படிப்பு, வருமானம் போன்றவற்றைக் குழுக்களோடு சேர்த்து ஒரே கட்டத்தில் கணக்கிடலாம், ஆனால் அவற்றைச் சேர்க்கும்போது குழுக்களின் தன்மையே மாறிவிடக்கூடும்.

எடைகள் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் இலவசத் தொகுப்பின் எல்லை வருகிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 27,929 குடும்பங்களும் 25,650 பெண்களும் இடம்பெற்றார்கள். பெண்கள் தனியே சந்தைக்கோ மருத்துவமனைக்கோ போக முடிகிறதா, வீட்டின் பெரிய செலவுகளை யார் முடிவு செய்கிறார்கள் என்பன போன்ற கேள்விகள் இந்த முறைக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. ஆனால் மாவட்ட வாரியாக மதிப்பீடு தர வேண்டும் என்பதற்காக வடிவமைக்கப்பட்ட மாதிரி அது. மாவட்ட மக்கள்தொகைக்கு நேர்விகிதத்தில் எடுக்கப்பட்டதல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் 46 லட்சம் பேர். பெரம்பலூரில் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று மேல். எடை போடாமல் கணக்கிட்டால் பெரம்பலூர்ப் பெண்ணின் குரல் அவளுடைய பங்கைவிட ஓங்கியும், சென்னைப் பெண்ணின் குரல் அடங்கியும் ஒலிக்கும். தமிழ்நாட்டில் இத்தனை சதவீதம் பெண்கள் இந்தக் குழு என்று நாம் எழுதும் எண் தவறாகிவிடும். போல்காவில் எடையைக் கொடுக்க இடமே இல்லை. எம்ப்ளஸ் எடை, அடுக்கு (மாதிரி எடுக்கும்முன் மக்களைப் பிரித்த பகுதிகள்), கொத்து (ஒன்றாகத் தேர்ந்தெடுத்த வீடுகளின் தொகுதி) மூன்றையும் எடுத்துக்கொள்கிறது; லேட்டன்ட் கோல்டின் மேம்பட்ட பதிப்பும் அப்படியே. இந்தக் கணக்கெடுப்பின் எடை மாறி பத்து லட்சத்தால் பெருக்கப்பட்டுச் சேமிக்கப்பட்டிருப்பதால் முதலில் அதை வகுத்துக்கொள்ள வேண்டும். மாநில அளவிலான பகுப்பாய்வுக்குத் தனி எடை உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எஸ்.பி.எஸ்.எஸ். இருக்கிறதே, அதில் தூரத்தை அளந்து கொத்துகளாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முறையை ஓட்டினால் ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆம், இல்லை பதில்களுக்கிடையே தூரத்தை அளப்பது இந்த வேலைக்குப் பொருந்தாது. அதிலுள்ள இருகட்டக் கொத்து முறை வகைப் பதில்களை ஏற்றாலும், தரவின் வரிசையை மாற்றினால் விடை மாறக்கூடும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் 2017இல் வந்த பதினைந்தாம் பதிப்பு முதல் இந்தப் பகுப்பாய்வு சேர்ந்திருக்கிறது. ஏற்கெனவே அதை வாங்கி வைத்திருக்கும் கல்லூரிகள் வேறெதையும் தேட வேண்டியதில்லை. பைதானில் ஸ்டெப்மிக்ஸ் என்ற இலவசத் தொகுப்பு எடைகளையும் விடுபட்ட பதில்களையும் மூன்று கட்டத் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்வதால், நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் உள்ள சிறு தொண்டு நிறுவனங்களுக்கு அதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

வாங்க எண்ணுபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எம்ப்ளஸின் அடிப்படைப் பதிப்பை மட்டும் வாங்கினால் இந்த வேலை நடக்காது. மிக்ஸ்சர் என்ற கூடுதல் பகுதியும் சேர்ந்தே வேண்டும். அதன் இலவசச் சோதனைப் பதிப்பு ஆறு சார்பு மாறிகள் (இங்கே, குழுவைச் சார்ந்து அமையும் பதில்கள்) வரை ஏற்கிறது. மேலே சொன்ன ஐந்து குடிநீர்க் கேள்விகளை முழுமையாக ஓட்டிப் பார்க்க அதுவே போதுமானது. ஆய்வேட்டுக்காகச் சொந்தமாகத் திரட்டிய, எடை தேவைப்படாத தரவை வைத்திருக்கும் மாணவர் போல்காவிலேயே இருக்கலாம், மேலே சொன்ன இரண்டு அமைப்புகளையும் மாற்றி, பதில்களின் குறியீட்டையும் சீர்செய்துகொண்டால். தேசிய அளவிலான மாதிரிக் கணக்கெடுப்புகளைத் தொடர்ந்து ஆராயும் அலுவலகம் லேட்டன்ட் கோல்டின் மேம்பட்ட பதிப்புக்கு நிதி ஒதுக்குவது தகும். மேக் கணினி மட்டுமே உள்ளவர்கள் எம்ப்ளஸை எடுத்துக்கொள்ளட்டும்.